துவிச்சக்கர வண்டியில் மன்னார்க் கரை

மன்னாரைக் கடந்தவர்கள் பலர். மன்னாரில் தங்கிப் பார்த்தவர்கள் சிலர். ஒரு காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறச் சென்றவர்கள் அதனைப் புகையிரதத்தின் யன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. முத்துக் குளிப்புக்கு வந்த வணிகர்கள் பருவம் முடிந்ததும் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மடுமாதாவையும் கேதீச்சரத்தானையும் தரிசிக்க இன்று வருகின்ற யாத்திரிகரிலும் பெரும்பாலார் தீவினுள் காலடி வைப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்காகப் பிறர் போகவும் வரவும் வாசலாக இருந்து பழகிய பூமி அது. வாசலைக் கடக்கிறவர் கண்ணில் வாசற்படி படுவது அபூர்வம்.

அந்தப் பூமியை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்ற ஆசையினால் நாங்கள் பதினால்வர் ஒரு மாசி மாதத்தில் துவிச்சக்கர வண்டிகளில் புறப்பட்டோம். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார். பின்னர் தெற்கே சிலாவத்துறை. உள்நாடு வழியாகத் திருக்கேதீச்சரம். அங்கிருந்து கரையோரமாக வடக்கே பூநகரி. இதுவே எங்கள் வழி. நான்கு நாட்கள், 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். மோட்டார் வண்டியில் ஒரே நாளில் முடித்துவிடக் கூடிய பிரயாணத்துக்கு நான்கு நாட்கள் எதற்கு என்று வீட்டார் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குரிய விடையையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

கூட்டாகச் செல்லும் முறை

எங்கள் குழுவில் 63 வயதான ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஆசிரியர் இருவர், தாதி ஒருவர், வங்கி உத்தியோகத்தர் ஒருவர், பல்கலைக்கழக மாணவ மாணவியர் எண்மர், அநுராதபுரத்திலிருந்து வந்த சிங்கள இளைஞர் ஒருவர் இருந்தோம். இரண்டொருவரிடம் கியர் பூட்டிய புதிய வண்டிகள் இருந்தன. மற்றவை ஊரெங்கும் காண்கின்ற லுமாலா வண்டிகள். தபாலதிபரோ தம் உத்தியோக காலத்துப் பழைய றலி வண்டியையே கொண்டுவந்தார். கடைசி நாள் வரை ஒரு தடவையேனும் காற்றுப் போகாத வண்டி அது ஒன்றுதான்.

புறப்படுமுன் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, குழுவில் யார் மெதுவாக மிதிக்கிறாரோ அவர் முன்வரிசையில் செல்ல வேண்டும். அவருடைய வேகமே எல்லோருடைய வேகம். பழுது பார்க்கும் பையைச் சுமப்பவர் கடைசியில் வர வேண்டும்; அவருக்குப் பின்னால் ஒருவரும் தங்கிவிடக் கூடாது. இரண்டாவது, விடிவதற்கு முன் புறப்பட்டுப் பதினொரு மணிக்குள் நிழல் தேடி ஒதுங்க வேண்டும். வெயில் தாழ்ந்த பின்னரே மீண்டும் பிரயாணம். மூன்றாவது, வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் வண்டியை விட்டு இறங்கி நின்று பேச வேண்டும். பெரியவர் எதிர்ப்பட்டால் வண்டியிலிருந்து இறங்குவது நம் ஊர்களில் முன்பு இருந்த மரியாதை. அதையே நாங்கள் விதியாக்கிக்கொண்டோம். எங்களுக்குக் கிடைத்த நன்மைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவது விதியினால் கிடைத்ததே.

மாசி மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. இக்கரையின் கடற்றொழிலாளர் காற்றுக்கு வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். வைகாசிக்குப் பின் வீசுகின்ற சோழகத்தை எதிர்த்துத் துவிச்சக்கர வண்டியை மிதிப்பது மணல் மூட்டையைத் தள்ளுவதற்குச் சமானம். மாரியும் வாடையும் தணிந்து, கோடை தொடங்காத இடைக்காலமே உகந்தது. அப்போதும் தீவின் வெட்டவெளியில் காற்றுக்குக் குறைவில்லை. ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால் பின்னால் வருபவருக்குக் காற்றின் தடை வெகுவாகக் குறைகிறது. முன்னே செல்பவர் களைத்ததும் ஒதுங்கி வழிவிட, அடுத்தவர் அவ்விடத்தை ஏற்கிறார். பகுதிக்குப் பகுதி சுமையை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு முதல் நாள் மாலைக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது.

தீவினுள்

பெருநிலத்தையும் தீவையும் தாம்போதி ஒன்று இணைக்கிறது. அதன் பாலம் 1990இல் யுத்தத்தில் தகர்க்கப்பட்டு, 2010இல் புதிதாக அமைக்கப்பட்டது. பாலத்தைத் தாண்டியதும் எதிர்ப்படுவது மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நான்கு கொத்தளங்கள் கொண்ட அந்தச் சிறிய சதுரக் கோட்டையின் மேலிருந்து பார்த்தால், நிலமும் கடலும் சேற்று வெளியும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது தெரியும்.

நகரை அடுத்த பள்ளிமுனையில் புகழ்பெற்ற பெருக்க மரம் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்று சொல்லப்படும் ஆபிரிக்க மரம் இதுவே. அராபிய வணிகர் 1477ஆம் ஆண்டளவில் நட்டது என்று அங்குள்ள பலகை கூறுகிறது. உயரம் 7.5 மீற்றர், சுற்றளவோ 19.5 மீற்றர்! பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் சுற்றிவர முடியும். உயர்ந்து வளராமல் பருத்து வளர்ந்த அந்த மரம், காற்றடிக்கும் தீவில் எப்படிப் பிழைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டது போலத் தோன்றியது. அராபியர் காலத்து எச்சம் என்று சொல்லப்படும் மற்றொன்று கழுதைக் கூட்டம். மன்னார் வீதிகளில் அவை உரிமையோடு நடுவே நிற்கின்றன. மணியடித்தாலும் விலகுவதில்லை, நாமே விலகிச் செல்ல வேண்டும். வாகனங்களில் அடிபடும் கழுதைகளுக்காக இங்கே ஒரு மருத்துவ நிலையமும் உண்டு.

எருக்கலம்பிட்டியில் எங்கள் மாணவர் ஒருவருடைய மாமி வீட்டில் காலையுணவு. அம்மாணவர் பிறந்தது புத்தளத்தில். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி மக்கள் படகுகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் வடமாகாணத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். யுத்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. சில குடும்பங்கள் பாதி அங்கும் பாதி இங்குமாக வாழ்கின்றன. முற்றத்தில் சாத்தப்பட்டிருந்த பதினான்கு வண்டிகளையும் மாமி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவங்க மாமாவுக்கும் ஒரு சைக்கிள் இருந்திச்சு. போற அன்டைக்கு அதக் கிணத்தடியில சாத்தி வெச்சிட்டுப் போனோம். திரும்பி வந்து பாத்தா கிணறு மட்டும்தான் இருந்திச்சு” என்றார். பிறகு, “இருந்து தின்னுங்க புள்ளைகளே, பிட்டு ஆறுது” என்று உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து தோட்டவெளி. 1544இல், கத்தோலிக்க வேதத்தைத் தழுவிய குற்றத்துக்காக ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆட்கள் கொன்றார்கள். அவர்கள் நினைவாக இங்கே வேதசாட்சிகளின் திருத்தலம் அமைந்திருக்கிறது. நிழல் மரங்களும் மணலுமாக அமைதி நிறைந்த இடம். பத்துக் கிலோமீற்றருக்குள் 1544, 1990 என்ற இரண்டு ஆண்டுகளையும் கடந்து வந்தோம் என்று எங்களில் ஒரு மாணவி சொன்னபோது ஒருவரும் பதில் பேசவில்லை.

தென்கரை ஓரமாகக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ‘தம்பபவனி’ என்னும் பெயருடைய இந்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவற் மின்வலு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கம்பீரமான காட்சி. அதன் அடியில் வாழ்பவர்களுக்கு வேறு கேள்விகள் உண்டு. மழை வெள்ளம் முன்போல் கடலுக்கு வடிவதில்லை, கரையில் மீன்பாடு குறைந்துவிட்டது என்று அவர்கள் முறையிடுகிறார்கள். புதிய காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் வாரக்கணக்கில் வீதியில் அமர்ந்து போராடினார்கள். ஒளி நாடு முழுவதற்கும், தொல்லை எங்களுக்கு மட்டுமா என்பது அவர்கள் கேள்வி. கேட்பதற்கு உரிமையுள்ள கேள்வியே.

தலைமன்னார் இறங்குதுறை

வீதி முடிகின்ற இடத்தில் கடல் தொடங்குகிறது. 1914ஆம் ஆண்டில் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. மாலையில் கொழும்புக் கோட்டையில் புகையிரதமேறியவர் மறுநாட் காலை இங்கே கப்பல் மாறி, அக்கரையில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னைக்குச் செல்லலாம். ‘போட் மெயில்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் பாட்டன்மார் முகத்தில் மலர்ச்சி தோன்றும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் யுத்தத்தினால் அதுவும் நின்றது. அழிந்துபோன இருப்புப்பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் புகையிரதம் மறுபடி தலைமன்னாருக்கு வந்தது. வந்த புகையிரதத்துக்கு ஏற்ற கப்பலைத்தான் இன்னும் காணோம். துறையின் பழைய தூண்கள் மாத்திரம் கடலுக்குள் நின்று கொண்டிருக்கின்றன.

துறையிலிருந்து மேற்கே பார்த்தால் மணல் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று அடிவானத்தில் மறைகின்றன. இராமர் அணை என்பார் ஒரு சாரார். ஆதாம் பாலம் என்பார் மற்றொரு சாரார். அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் தமிழகம்.

கப்பற் சேவைக்கு முற்பட்ட காலத்தில் இக்கரையில் வந்திறங்கியவர்களை நாம் மறந்துவிடலாகாது. மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைத் தமிழர் தோணிகளில் இங்கே இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் அநேகர். அவர்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28ஆம் திகதி ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். அவர்கள் பதினாறு நாட்கள் நடந்த பாதையின் முற்பகுதியில்தான் எங்கள் சக்கரங்கள் உருண்டன. வண்டியில் போகிற எங்களுக்கே தொடை நோகிறது. வெறுங்காலும் வெறும் வயிறுமாக நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

இரவு பேசாலையில் தங்கினோம். தவக்காலத்தில் நடைபெறும் ‘பாஸ்’ என்னும் திருப்பாடுகளின் நாடகத்துக்குப் பேர்போன ஊர் அது. விடியற்காலையில் கரைக்குச் சென்றபோது படகுகள் வந்துகொண்டிருந்தன. வலையில் சிக்கிய மீனைவிடக் கிழிந்த வலையே அதிகம் என்று ஒருவர் காட்டினார். கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தினால் தடைசெய்தது. அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளால் உண்டாகும் நட்டம் இன்னும் தீரவில்லை. “அங்கை இருக்கிறதும் எங்கட சனந்தான் தம்பி. பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் வலைக்குக் காசு ஆர் தாறது?” என்றார் அவர்.

முத்துக் கரை

இரண்டாம் நாள் மீண்டும் தாம்போதியைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். வங்காலை வெளியில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வருகின்ற வலசைப் பறவைகளுக்கு இவ்வெளி தங்குமிடம். 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. மோட்டார் சத்தத்துக்கு எழுந்து பறந்துவிடும் பறவைகள், சத்தமின்றி வந்த எங்களைச் சட்டை செய்யவில்லை. துவிச்சக்கர வண்டியின் பெருமைகளுள் இதுவும் ஒன்று.

அரிப்பை நெருங்கும் இடத்தில் அருவி ஆறு கடலில் சங்கமமாகிறது. 164 கிலோமீற்றர் ஓடிவரும் இந்த ஆற்றுக்குச் சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று பெயர். பூந்தோட்ட ஆறு என்பது பொருள். அநுராதபுரத்து இளைஞர் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சிறு வயதில் தாம் நீச்சல் பழகிய ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை அன்றுதான் முதன்முறை கண்டாராம். அவரைப் போலவே ஓர் ஆங்கிலேயரும் இந்த ஆற்றைப் பின்தொடர்ந்து இங்கு வந்து சேர்ந்தார். கண்டி அரசனின் சிறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்த றொபேட் நொக்ஸ் என்பார், 1679இல் தப்பியோடி, ஆற்றங்கரைக் காட்டு வழியே வந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் வெளியாயிற்று.

அரிப்பில் கடலோரக் குன்றின் மேல் ஒரு பாழடைந்த மாளிகை உண்டு. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1800களின் தொடக்கத்தில் கட்டுவித்தது. அலை அடியை அரித்து அரித்து, மாளிகையின் பெரும்பகுதி கடலில் விழுந்துவிட்டது. எஞ்சிய சுவர்களுக்கிடையே ஆடுகள் படுத்திருந்தன.

முத்துக் குளிப்பு நடைபெற்ற விதத்தை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். பங்குனி மாதத்தை அண்டிக் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களே குளிப்புப் பருவம். நள்ளிரவில் தரைக்காற்றோடு தோணிகள் புறப்படும். பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். குளியாளர் கல்லொன்றைக் காலில் பற்றிக்கொண்டு அடிக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் சேர்த்து மேலே வருவர். சுறாமீனைக் கட்டுவதற்கென்று ‘கடற்கட்டி’ எனப்படும் மந்திரவாதியும் உடன் இருப்பார். கரையில் ‘கொட்டு’ என்னும் அடைப்பில் சிப்பிகள் மூன்று பங்காக்கப்படும்: இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளருக்கு. பின்னர் ஏலம். ஏலத்தில் எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடுவார்கள். தூத்துக்குடி, கீழக்கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் ஆட்கள் திரண்டு வர, வெறும் மணலில் ஒரு நகரமே எழுந்து, சில வாரங்களில் மறைந்துவிடும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு உரிமை முழுவதும் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சிப்பியோ இரண்டொரு ஆண்டுகளில் அற்றுப்போயிற்று. 1925இல் ஒரு முறை பெரிய அளவில் குளித்தார்கள். அதன்பின் பழைய வளம் மீளவில்லை. உலகத்து ராணிகளின் கழுத்துக்கு முத்தனுப்பிய கரையில், அந்தச் செல்வத்தின் அடையாளமாக இன்று ஒரு நல்ல கட்டடந்தானும் மிஞ்சவில்லை.

குளமும் கோவிலும்

மூன்றாம் நாள் சிலாவத்துறையிலிருந்து உள்நாட்டு வழியாக முருங்கனுக்குத் திரும்பினோம். வெள்ளை மணல் மறைந்து கரிய களிமண் தொடங்கியது. உடைமுள்ளின் உபத்திரவமும் தொடங்கியது. ஒரே காலையில் ஐந்து ரயர்கள்! வீதியோரச் சைக்கிள் கடைக்காரர் ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, தேய்த்து ஒட்டுப்போடும் லாகவத்தை மாணவர்கள் சுற்றி நின்று படித்தார்கள். ஐந்தாவது ஒட்டை எங்கள் மாணவியே போட்டாள். கடைக்காரர் பரிசோதித்து, “இது பிடிக்கும்” என்று சான்றிதழ் வழங்கினார்.

முருங்கனை அடுத்துக் கட்டுக்கரைக் குளம். தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டியதென்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் திருத்தினர். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்துக் கால்வாய் வழியே கொணரும் நீரே இதற்கு ஆதாரம். வரண்ட கரைக்குப் பின்னால் இத்தனை பசிய வயல்வெளி இருக்குமென்று கடலோரமாக மட்டும் போகிறவர் கனவிலும் நினையார்.

மாலையில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மாதோட்டம் என்னும் பழந்துறைமுகம் செழித்திருந்த இடம். பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். இருந்த இடமே காடாகிப்போன நிலையில், 1872இல் ஆறுமுக நாவலர் அதனை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று சைவ மக்களை வேண்டினார். பல தலைமுறைத் திருப்பணியின் பின், கருங்கல்லில் எழுந்த இன்றைய ஆலயத்துக்கு 2022 யூலையில் குடமுழுக்கு நிகழ்ந்தது. சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தத்தை அடியார்கள் தாமே மொண்டு சென்று மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்யும் வழக்கம் இங்கு உண்டு. மடுவில் இன்று வீற்றிருக்கும் மாதாவின் திருச்சொரூபமும் முதலில் இதே மாந்தையில்தான் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியபோது, 1670இல் இருபது குடும்பங்கள் அதனை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயின என்பது வரலாறு.

அன்றிரவு பாலாவிக் கரையில் அமர்ந்து, மூன்று நாட்களில் கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தோம். சைவர் தம் ஆலயத்தை இழந்தார்கள். கத்தோலிக்கர் ஒரு மன்னனால் வெட்டப்பட்டார்கள். பின்னர் வேறொரு வெள்ளையரால் விரட்டப்பட்டார்கள். முஸ்லிம்கள் ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வழியில் மடிந்தார்கள். இந்த மண்ணில் ஒருமுறையேனும் ஓடாத சமூகம் எது? அவ்வாறு ஓடியவர்கள் திரும்பி வந்து, அதே கிணற்றடியில் நின்று, வழிப்போக்கருக்குப் பிட்டுக் கொடுக்கிறார்கள். கோட்டையும் மாளிகையும் இடிந்து கிடக்க, இது மட்டும் நிலைத்திருக்கிறது.

வடக்கு நோக்கிய வீதி

நான்காம் நாள் நெடுந்தூரம். விடத்தல்தீவின் கண்டற் காடுகளைக் கடந்து இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று நேராக வடக்கே செல்லும் வீதி. எதிர்காற்று. நிழலுக்கு மரம் அரிது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் யுத்தம் இக்கரை வழியே வடக்கே நகர்ந்தபோது, வீதியோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. எரிபொருளுக்குத் தடையிருந்த அந்த ஆண்டுகளில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் துவிச்சக்கர வண்டியே பார வண்டி, நோயாளர் வண்டி, கலியாண வண்டி எல்லாம். தலைகீழாக நிறுத்திய வண்டியின் மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். இடம்பெயர்ந்தபோது பாயும் பாத்திரமும் நெல் மூட்டையும், சில வேளை வயோதிபத் தாயும், அந்த வண்டியில்தான் ஏறினர். ஓட்டியவர்களைவிட உருட்டியவர்களே அதிகம்.

இலுப்பைக்கடவையைத் தாண்டிய ஓரிடத்தில், படலையடியில் நின்ற ஒரு மூதாட்டி, மூட்டை கட்டிய பதினான்கு வண்டிகள் வரிசையாக வருவதைக் கண்டு வீதிக்கே வந்துவிட்டார். முகத்தில் கலவரம்.

“என்ன பிள்ளையள், திரும்பவும் இடம்பெயர்வோ?”

தபாலதிபர் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இல்லை அக்கா. நாங்கள் சும்மா ஊர் பார்க்க வந்தனாங்கள்.”

“ஊர் பார்க்கவோ?” மூதாட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கலவரம் போய்ச் சிரிப்பு வந்தது. “அப்ப நல்லது. வெயிலுக்கை நிக்காதையுங்கோ. உள்ளுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

பானைத் தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் தந்தார். இளைப்பாறும் பொழுதில், தாம் இவ்வீதியில் வண்டி உருட்டிச் சென்ற நாளைப் பற்றிச் சிறிது சொன்னார். எங்கெங்கே இரவைக் கழித்தார், எதை எங்கே விட்டுவிட்டுப் போனார் என்றெல்லாம் ஊர்க் கதை போலவே சொன்னார். பிறகு எங்கள் வண்டிகளின் கியரைக் காட்டி, “இது என்ன, மில் மெசின் மாதிரி?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அதற்குப் பின் நெடுநேரம் ஒருவரும் பேசாமல் மிதித்தோம். முன்னால் தாதி, அவருக்குப் பின்னே, எங்களுள் மிக மெதுவாகச் செல்லும் மாணவி. அவள் வேகத்தில் பதின்மூன்று பேரும் போனோம். யாரும் துரத்தவில்லை; யாரும் பின்தங்கி விடப்படவுமில்லை. இப்படி ஒரு வீதியில் மெதுவாகப் போகக் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டார் கேட்ட கேள்விக்கு விடையும் அதுவே. மாலை நான்கரை மணிக்குப் பூநகரி. ஐந்தரைக்குச் சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் மேல் நின்று, யாழ்ப்பாணக் கடனீரேரியில் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம்.

போக விரும்பும் மாணவர்களுக்கு

இப்பிரயாணத்துக்குப் பெரும் பணமோ பெரும் பலமோ வேண்டியதில்லை. தை முடிவிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை உகந்த காலம். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, ஒட்டுப் பெட்டி, காற்றடிக்கும் பம், மாற்று ரியூப் ஒன்று கொண்டு செல்ல வேண்டும். இலுப்பைக்கடவைக்கு அப்பால் கடைகள் ஐதாகவே உண்டு. தங்குவதற்குப் பாடசாலையையோ ஆலய மண்டபத்தையோ நாடுவோர் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுவது மரியாதை. பறவைகள் மேயும் வெளிக்குள் வண்டியை இறக்காதீர்கள். நாளொன்றுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் திட்டமிடாதீர்கள். கடைசி நாளை இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது.

தூரத்தைக் கணக்கிட்டு, படம்பிடித்து, பாராட்டுப் பெறுவதற்காகவும் வண்டி மிதிக்கலாம். அதில் பிழையில்லை. ஆனால் மன்னாருக்குப் போவோர் எங்கள் மூன்றாவது விதியை மாத்திரம் தவறாமல் கைக்கொள்வார்களாக. யாராவது பேச்சுக் கொடுத்தால் இறங்கி நில்லுங்கள். அந்த மக்கள் தம் வாசலைக் கடந்து போனவர்களை வேண்டிய அளவு பார்த்துவிட்டார்கள். நின்றவர்களைப் பார்த்தால் மகிழ்கிறார்கள்.